வடைக்குள் போன மோதிரம்

"மாப்பிள்ளைக்குப் பெரியப்பா நான், என் இலையில வடையே விழல!" என்று சாம்பசிவம் மூன்றாம் தடவையாகக் கத்தியதில் பந்தியே சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

விழாமல் என்ன? பரிமாறுகிற அம்சவேணி மூன்று வடை வைத்தாள். மூன்றும் அவர் மடியிலிருந்த ஜோல்னாப் பைக்குள் போனதையும் பார்த்தாள். சொன்னால் சம்பந்தி சண்டை. சொல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும். சமையல்கட்டிலோ வடை தீர்ந்தாயிற்று.

"இப்பவே வடை வரணும். இல்லேன்னா இவளை வெளியே அனுப்புங்க!"

"வரவழைச்சிடறேன் ஐயா. உங்க மோதிரத்தைக் கொஞ்சம் கொடுங்க."

ஜம்பம் விடுமா? கழற்றிக் கொடுத்தார். அம்சவேணி அதை உள்ளங்கையில் வைத்து, பக்கத்து இலைக்காரரின் கைக்குட்டையை வாங்கி மூடி, ஒரு ஊது ஊதி உதறினாள். மோதிரத்தைக் காணோம்.

"ஐயையோ, எங்கே போச்சு?"

"உங்க பைக்குள்ளதான் ஐயா. வடை ஓட்டையில மாட்டிக்கிட்டிருக்கு."

மனுஷர் பதறிப்போய்ப் பையை இலையில் கவிழ்த்தார். மூன்று வடைகள் உருண்டன. எந்த ஓட்டையிலும் மோதிரம் இல்லை.

"வடை வந்துடுச்சுங்களே!" என்று அம்சவேணி தன் இடுப்புச் செருகலிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினாள். பந்தியில் பாதிப் பேருக்குச் சிரிப்பில் புரையேறியது.

அந்த அமளிக்கு நடுவே, சாம்பசிவம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"கொஞ்சம் மோர் ஊத்தறியாம்மா?"