மகாராஜாவின் ஆசனத்தில் வெல்ல மூட்டை

வேங்கைக்காடு சமஸ்தானத்து ராஜா துரைரங்க பூபதிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பந்தயக் கார். இன்னொன்று, அதைத் தாமே ஓட்டுவது. இரண்டாவதைப் பெருமை என்று அவர் ஒருவர்தான் நினைத்தார்.

மாசியில் பெரிய ஏரி வற்றிவிடும். காய்ந்து கிடக்கும் அந்தத் தரையில் அவருக்கும் அவர் மைத்துனர் செம்பேரி ராஜாவுக்கும் கார்ப் பந்தயம் நடக்கும். மைத்துனர் உடம்பில் நம் ராஜாவைவிட ஒரு சுற்றுப் பெரியவர். ஆனாலும் வருஷா வருஷம் ஜெயிப்பவர் அவரே. இந்த வருஷமோ மகா கேவலம். கொடிக்கம்பத்தை வலமாகச் சுற்றும்போது நம் ராஜாவின் கார் இடப்பக்கம் சாய்ந்தது. அப்படியே பம்பரமாய்ச் சுழன்று, பின்னால் வந்த மைத்துனரை வரவேற்பதுபோல் திரும்பி நின்றது!

"மாசி முடிவதற்குள் மறுபந்தயம்!" என்று ராஜா கர்ஜித்தார். மெக்கானிக் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். "அதிலும் கார் சுழன்றால் நீ இந்தச் சமஸ்தானத்தில் இருக்கக் கூடாது!"

சவரிமுத்துவின் மனைவி நிறைமாதம். அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? பாவம், அனந்தப்பர் வீட்டுக்கு ஓடினான். ராஜசபையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர் அனந்தப்பர். சிக்கல் வந்தால் அவிழ்ப்பவரும் அவர்தான்.

"ஐயா, சேத்துல ஓடுறதுக்குக் காரோட பாரத்தைத் தாங்குற வில்லு இளக்கமா இருக்கணும். காஞ்ச தரை டயரை இறுக்கிப் பிடிக்குமுங்க. அங்க வில்லு விறைப்பா இருந்தாத்தான் வண்டி சாயாது. எவ்வளவு விறைப்புங்கிறது ஓட்டுறவர் எடையைப் பொறுத்தது."

"மகாராஜாவைக் காரில் உட்கார வைத்துப் பார்ப்பதுதானே?"

"நிக்கிற வண்டியில ராஜா உக்காந்தா ராஜ்யமே நின்னுடும்னு ஜோசியர் சொல்லியிருக்காருங்களே!"

"எடையைக் கேட்டால்?"

"கண்ணு பட்டுடுமாம். கேட்டவனுக்கும் கசையடி, சொன்னவனுக்கும் கசையடி. காரியஸ்தர் நல்லமுத்துதான் வாயே திறக்காம, ராஜா எடைக்குப் பதிலா மணல் கொடுத்தனுப்பினாரு. அதை ஆசனத்துல வச்சுத்தான் வில்லை முடுக்கினேன்."

"எவ்வளவு மணல்?"

"அரை மூட்டைங்க."

அனந்தப்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராஜாவின் ஒரு தொடைக்கே அது போதாது! நல்லமுத்துவுக்குத் தெரிந்த ஒரே தொழில் காக்காய் பிடிப்பது. அதை மணலிலும் செய்திருக்கிறார்.

மறுநாள் சபையில் அனந்தப்பர் எழுந்தார். "மகாராஜா, பந்தயத்துக்கு முன்னால் பிள்ளையாருக்கு வெல்லத்தால் துலாபாரம் கொடுத்தால் நல்லது."

ராஜாவுக்கு ஒரே குஷி. ஒரு தட்டில் அவர் அமர்ந்தார். மறு தட்டில் வெல்ல மூட்டைகள் ஏறின. துலாபார வெல்லத்தை நிறுப்பதும் எண்ணுவதும் பாவம் என்பது அந்தக் கோவில் வழக்கம். அதனால் யாரும் எண்ணவில்லை. ஆனால் மூட்டை ஏற ஏற நல்லமுத்துவின் முகம் இறங்கிக்கொண்டே போனது.

அன்று மாலை நல்லமுத்து அரண்மனைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா! சாமி வெல்லத்தை அனந்தப்பர் கார்க் கொட்டகைக்குக் கடத்திவிட்டார். அதுவும் தங்கள் ஆசனத்திலேயே அடுக்கியிருக்கிறார்!"

ராஜா வாளோடு கிளம்பினார். காருக்கு அடியில் படுத்து இடப்பக்க வில்லுக்கு இன்னொரு இரும்புப் பட்டை சேர்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, வாளின் நுனியைப் பார்த்ததும் வெளியே வருவதில்லை என்று தீர்மானித்துவிட்டான்.

"என் ஆசனத்தில் என்ன அது?"

"தாங்கள்தான், மகாராஜா," என்றார் அனந்தப்பர்.

"என்ன உளறுகிறீர்?"

"தங்கள் எடையை நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. நிற்கிற வண்டியில் தாங்கள் உட்காரவுமில்லை. தங்களுக்குப் பதிலாக வெல்லம் உட்கார்ந்திருக்கிறது. வில்லை முடுக்கி முடித்ததும் அத்தனையும் கோவிலுக்குத் திரும்பிவிடும்."

"அபசாரம்! மகாராஜா இவ்வளவா?" என்று நல்லமுத்து குதித்தார். "தராசு பொய்! நான் கொடுத்த மணல்தான் சரி!"

"அப்படியே ஆகட்டும்," என்றார் அனந்தப்பர். "சவரிமுத்து, பட்டையைக் கழற்று. மணல் கணக்குக்கே வில்லை வை. பந்தயத்தில் மகாராஜா ஓட்டட்டும். பக்கத்து ஆசனத்தில் காரியஸ்தர் உட்காரட்டும்."

நல்லமுத்து காரைப் பார்த்தார். தூரத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

"வெல்லக் கணக்கே இருக்கட்டும், மகாராஜா!"

ராஜாவின் மீசை துடித்தது. போச்சு, யாருக்கோ தலை போகப்போகிறது என்று எல்லோரும் நடுங்கினார்கள். கடைசியில் பார்த்தால் அது சிரிப்பு!

மறுபந்தயத்தில் நம் ராஜாவின் கார் கொடிக்கம்பத்தை ஒட்டிச் சுற்றியது. சாயவும் இல்லை, சுழலவும் இல்லை. மைத்துனர் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்.

ஆனால் ஏரிப் பந்தயத்துக்கு ஒரு மரபு உண்டு. தோற்றவர் கேட்பதை ஜெயித்தவர் கொடுத்தாக வேண்டும்.

"மாப்பிள்ளை, உங்கள் எடைக்குக் கணக்குப் போட்டுக் காரைத் தயார் செய்கிற ஆளை எனக்குக் கொடுங்கள்!" என்றார் மைத்துனர்.

சவரிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. ஜெயித்தும் ஊரைவிட்டுப் போக வேண்டுமா? மரபை மீற முடியாமல் ராஜாவும் தவித்தார். அனந்தப்பர் அவர் காதோடு ஏதோ சொன்னார். ராஜாவின் முகம் மலர்ந்தது.

"மச்சான், என் எடைக்கு மணல் வைத்து முதல் முதலில் கணக்குப் போட்டவர் இவர்தான். அழைத்துப் போங்கள்!" என்று நல்லமுத்துவை முன்னால் தள்ளினார்.

மைத்துனர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். "வாருங்கள் ஐயா! அடுத்த வருஷம் என் காரில் எவ்வளவு மணல் வைக்க வேண்டும்?"

நல்லமுத்து புது எஜமானரின் மலைபோன்ற உடம்பை ஏற இறங்கப் பார்த்தார். கைகட்டி, வாய்பொத்திச் சொன்னார்:

"தங்கள் மெல்லிய திருமேனிக்குக் கால் மூட்டையே அதிகம், மகாராஜா!"