நடுநிலையாளன் ஆடிய ஆட்டங்கள்

கோவையில் ஒரு பம்புசெட் கடைக்கு மேல்மாடியில் ‘ஆடுபலகை’ என்ற இணையதளத்தின் அலுவலகம் இருந்தது. ஆடுபுலி, தாயம், சதுரங்கம் என்று எதை வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் முகம் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து விளையாடலாம்.

அதை நடத்தியவர் பூங்கோதை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அவரிடம் வேலை கற்றவர்கள். அதனால் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். சென்னியப்பன் அவரைவிட ஆறு வயது மூத்தவர். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், நாற்பதை நெருங்கும்போது டீச்சரிடம் வந்து கணினியில் பக்கம் அமைக்கக் கற்றார். அவர்தான் முதல் சீடர். அந்த ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

தளத்தின் முகப்புப் பக்கம் அவர் கைவேலை. நான்கு மூலையிலும் நான்கு புலிகள், சுற்றிலும் தங்க நிறக் கொடி, நடுவில் ‘வருக வருக’. மாப்பிள்ளை பெயர்தான் இல்லை.

ஒரு நாள் டீச்சர் அவரைக் கூப்பிட்டார்.

“முகப்பை மாத்தணுங்க, சென்னியப்பன்.”

“ஏனுங்க டீச்சர்?”

“ஆளுங்க வர்றாங்க. பாக்கறாங்க. நல்லா இருக்குதுங்கறாங்க. விளையாடாமயே போயிடறாங்க.”

“மாத்திப் போடறனுங்க.”

“நீங்க ஒண்ணு பண்ணுங்க. யுவராணியும் ஒண்ணு பண்ணட்டும்.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது.

யுவராணி போன வருஷம்தான் வேலைக்கு வந்தவள். அவள் ஏதாவது சொன்னால் டீச்சர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு காலத்தில் சென்னியப்பனுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. அவள் வந்த பிறகு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர்கள் இருவரும் சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு இங்கே வேலை ஓடாது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று பாதி நாள் நினைத்தார். தன்னைப் பற்றிக்கூடச் சிரிக்கவில்லையே என்று மீதி நாள் வயிறெரிந்தார். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தளத்தின் மேல் இருக்கும் அக்கறை என்று வைத்துக்கொண்டார்.

போட்டியின் விதி எளிமையானது. தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இவர் முகப்பு தெரியும், பாதிப் பேருக்கு அவள் முகப்பு. யாருக்கு முதலில் எது வந்ததோ அதுவே கடைசிவரை வரும். ஒரு மாதத்தில் எந்த முகப்பு வழியாக அதிக ஆட்டங்கள் ஆடி முடிக்கப்படுகின்றனவோ, அது நிலைக்கும். மற்றது போகும். அலுவலக ஆட்கள் ஆடினால் கணக்கில் சேராது.

தன் முகப்பும் போய்விட்டால் இந்த அலுவலகத்தில் தன்னுடையது என்று சொல்ல என்ன மிச்சம் என்று சென்னியப்பன் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. உயிரைக் கொடுத்து வேலை செய்தார். புலிகள் நான்கும் இப்போது கண் சிமிட்டின. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம், ஒரு வரலாறு, ஜெயித்தவர்களின் படங்களுக்கு மாலை.

யுவராணி செய்த முகப்பில் பார்க்க ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு பலகை விரித்து வைத்திருந்தது. அதற்கு மேலே, அந்த நேரத்தில் ஆடுவதற்கு ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் பெயர். ‘இவர் காத்திருக்கிறார்’ என்று ஒரு வரி. கீழே ‘உட்காருங்கள்’ என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

அதைத் தளத்தில் ஏற்றும் முன்பு அவள் சென்னியப்பனிடம் வந்தாள்.

“அண்ணா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்ணா.”

“நான் பாக்க மாட்டேன் அம்மிணி.”

“ஏனுங்ணா?”

“போட்டின்னா போட்டி. உன்ற பக்கத்தை நான் பாத்தா அது நியாயம் ஆகாது.”

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

“உங்க பக்கத்தை நான் பாத்துட்டனுங்ணா. அழகா இருக்குது.”

நக்கல் செய்கிறாள் என்று சென்னியப்பன் முடிவு கட்டினார். அவள் நிஜமாகவே சொன்னாள். நிஜமாகச் சொல்லியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தபோது அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்றே போட்டி தொடங்கியது. மாலையில் அவர் வீட்டில் உட்கார்ந்து, புதிதாக ஒரு கணக்குத் திறந்தார். எந்த முகப்பு வருகிறது என்று பார்த்தார். அவருடையதே வந்தது. அதை அப்படியே மூடிவிட்டு இன்னொரு கணக்குத் திறந்தார். இந்த முறை அவளுடையது வந்தது. பெயர் கேட்டது. ‘நடுநிலையாளன்’ என்று எழுதிவிட்டு உள்ளே போனார்.

குறைகள் உடனே கண்ணில் பட்டன. எழுத்து பெரிசு. நிறம் வெளிறிப்போயிருந்தது. ஒரு வரவேற்பு உண்டா, ஒரு மரியாதை உண்டா? வீட்டுக்கு வந்தவனை வா என்றுகூடச் சொல்லாமல் இலைக்கு முன்னால் தள்ளிவிட்டது போல இருந்தது.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து மலர்விழி என்பவர் ஆடுபுலிக்கு ஆள் தேடிக் காத்திருப்பதாக அந்தப் பக்கம் சொன்னது. பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அமுக்கினார். வேலை செய்தது. மலர்விழி புலியை வைத்துவிட்டார். ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஓடினால் அநாகரிகம். ஆடினார். தோற்றார்.

மறுநாள் திரும்பப் போனார். அந்தப் பொத்தான் தினமும் வேலை செய்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டுமே.

பிறகு பேருந்தில் வரும்போது பார்த்தார். பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருக்கும்போது பார்த்தார். சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணத்தில், பந்திக்குக் கூப்பிட்டும் எழுந்து போகாமல் பார்த்தார். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் காத்திருந்தார். ஒரு தடவை மட்டக்களப்பு, ஒரு தடவை மூலனூர், ஒரு தடவை ஏதோ பனி பெய்கிற ஊர். காத்திருக்கிற ஆளைப் பார்த்த பிறகு எப்படி மூடுவது?

அவர் மனைவி சாவித்திரி கேட்டாள்.

“போன்ல என்ன பண்ணறீங்க?”

“ஆபீஸ் வேலை.”

“ஆபீஸ் வேலைக்கு இப்படிச் சிரிக்க மாட்டீங்களே.”

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆடும்போது இருந்த சந்தோஷம், போனை மூடியதும் வேறொன்றாக மாறிவிடும். இதை அவள் அல்லவா செய்தாள் என்று நெஞ்சு குமுறும். ஒன்றுமே இல்லாத இந்தப் பக்கத்தை, ஒரு பூ, ஒரு கொடி, ஒரு புலி இல்லாத இந்தப் பக்கத்தைத் தனக்கு ஏன் செய்யத் தோன்றவில்லை? அந்த எரிச்சலோடு படுப்பார். எழுந்ததும் குறை கண்டுபிடிக்கப் போவார்.

மாதம் முடிந்தது. முடிவைச் சொல்ல டீச்சர் மத்தியானம் கூப்பிட்டார்.

டீச்சர் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க, சென்னியப்பன்.”

“நின்னுக்கறனுங்க டீச்சர்.”

“யுவராணி பக்கம் கொஞ்சம் முன்னால நிக்குதுங்க.”

“கொஞ்சம்னா?”

“ரொம்பக் கொஞ்சம்.”

தோற்பது ஒரு வலி. மயிரிழையில் தோற்பது அதைவிடப் பெரிய வலி. சென்னியப்பனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒரு மாதமாக உள்ளே கிடந்தது, அவரைக் கேட்காமலே வாய்க்கு வந்தது.

“இதுல ஏதோ வில்லங்கம் இருக்குதுங்க.”

“என்ன வில்லங்கம்?”

“அந்தப் பொண்ணு வேற பேர்ல வந்து அதுவே ஆடியிருக்கும்.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்படிச் செய்யற பொண்ணுங்களா அது?”

“ஜெயிக்கணும்னா யாரும் செய்வாங்க டீச்சர். நீங்க வெள்ளந்தியா இருக்கறீங்க.”

டீச்சர் கணினியை அவர் பக்கம் திருப்பினார். யுவராணியின் முகப்பு வழியாக ஆடியவர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் மேலே, மற்றவர்களுக்கு எட்டாத உயரத்தில், ஒரு பெயர் நின்றது.

நடுநிலையாளன்.

“நீங்க சொல்றாப்பல ஒருத்தர் இருக்காருங்க. இவ்வளவு ஆட்டம் வேற யாரும் ஆடலை. இந்த ஊர்தான். கணக்குத் திறந்ததும் போட்டி ஆரம்பிச்ச அன்னைக்குத்தான்.”

சென்னியப்பன் திரையிலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டார்.

“யுவராணியைக் கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா? அவதான்னா, போட்டியை விட்டு எடுத்துடலாம். வேலையில வெச்சுக்கறதும் கஷ்டம்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே யுவராணி தெரிந்தாள். தலையைக் குனிந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் இப்போது சும்மா நின்றால் போதும். அவள் இல்லை என்று சொல்வாள். யார் நம்பப் போகிறார்கள்? ஒரு மாதமாக, இல்லை ஒரு வருஷமாக, அவர் வேண்டிக்கொண்டது கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் பார்த்தார். அழகா இருக்குது என்று அவள் சொன்னது குறுக்கே வந்தது.

டீச்சர் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“அது நானுங்க.”

டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“முன்னயே தெரியுமுங்களா?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“அந்த ஆட்டங்களைப் பாத்தனுங்க. ஆடு வெக்கறப்ப எப்பவும் இடது ஓரத்தை முதல்ல அடைக்கற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.”

சென்னியப்பனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. ஆனால் மனுஷ மனசு லேசுப்பட்டது அல்ல. அந்தக் கூச்சத்துக்கு அடியிலிருந்தே ஒரு நினைப்பு மெல்லத் தலை தூக்கியது.

“டீச்சர், ஆபீஸ் ஆள் ஆடினா கணக்குல சேராதுங்களே.”

“சேராதுங்க.”

“அப்ப நான் ஆடினதெல்லாம்…”

“கழிக்கணும்.”

“கழிச்சா?”

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“உங்க பக்கம் ஜெயிக்குது.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஜெயித்தது அவர்தான். அவள் பக்கத்தைப் பார்க்கப் போகாமல் பேசாமல் வீட்டில் கிடந்திருந்தால் இந்த வேதனையே இல்லாமல் ஜெயித்திருப்பார்.

“அப்பக் கழிச்சிடுங்க டீச்சர். விதின்னா விதிதானுங்க.”

“கழிச்சிடலாம். ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா?”

“கேளுங்க.”

“அங்க எதுக்குப் போனீங்க?”

“குறை கண்டுபிடிக்கத்தானுங்க.” இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

“கிடைச்சுதுங்களா?”

“நிறையக் கிடைச்சுது. எழுத்து பெரிசு. நிறம் சரியில்லை. ஒரு வரவேற்பு இல்லை. சொல்லிட்டே போகலாமுங்க.”

“எப்பக் கிடைச்சுது?”

“மொத நாளே கிடைச்சிருச்சுங்க.”

“உங்க பக்கத்தை ஒரு நாளாவது திறந்து விளையாடினீங்களா?”

சென்னியப்பன் யோசித்தார். முதலில் திறந்த கணக்கில் தன் முகப்பு வந்ததும், கண் சிமிட்டும் புலிகளைக்கூடப் பார்க்காமல் மூடியது நினைவுக்கு வந்தது.

“இல்லைங்க.”

“குறையெல்லாம் மொத நாளே கிடைச்சுப்போச்சு. ரெண்டாம் நாள் எதுக்குப் போனீங்க?”

கீழே கடையில் யாரோ பம்புசெட்டை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் கீபோர்டை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். திரையில் அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘நீக்கு’ என்று இருந்தது.

“இதுல இருக்கறவங்க எல்லாரும் விளையாடணும்னு வந்தவங்க, சென்னியப்பன். விளையாடிட்டுப் போனாங்க. அவங்கள்ல யாரைக் கழிக்கச் சொன்னாலும் நான் கழிச்சிடுவேன். பிடிக்கவே கூடாதுன்னு வந்து, அப்புறமும் தினம் திரும்பி வந்தவரு ஒருத்தர்தான் இருக்காரு. அவரைக் கழிக்க எனக்குக் கை வரலைங்க. உங்களுக்கு வந்தா, கழிச்சுக்குங்க.”