சுவருக்குச் சளி

மலையடிவாரத்து மடத்தில் நோயாளிகள் படுக்க மேலக்கூடம், கீழக்கூடம் என்று இரண்டு மண்கூடங்கள் இருந்தன. உள்ளே விரிசல் விழுந்திருக்கிறதா என்று அவற்றின் சுவர்களைத் தினமும் தட்டிப் பார்ப்பது பொன்னுரங்கத்தின் வேலை. ஐம்பத்தாறு வயதில் சீடராக வந்து சேர்ந்தவர் அவர். குரு திலகவதி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

ஒரு கையால் மரச்சுத்தியைத் தட்டி, மறு கையைச் சுவரில் வைத்து அதிர்வைப் பார்ப்பார். சித்திரை உச்சிவெயிலில் சுவர் சுட்ட பானை போலக் கணீரென்னும். அதிர்வு விரல்களில் சுருக்கென்று ஏறும். மார்கழி விடியலில் சற்று மந்தம். மழை பிடித்துவிட்டாலோ ஈரச் சாக்கைத் தட்டியது போலத் தொப்பென்று இருக்கும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் பழைய ஓசை திரும்பிவிடும்.

இதெல்லாம் பழகாத முதல் வருடம், ஐப்பசியில் அந்தத் தொப்பென்ற ஓசையைக் கேட்டு, சுவர் விழப்போகிறதென்று பயந்துபோய் நோயாளிகள் எல்லோரையும் கல்மண்டபத்துக்கு மாற்றினார். நாலு பக்கமும் திறந்த மண்டபம். ஐந்து நாள் வாடைக்காற்றில் நடுங்கிக் கிடந்தார்கள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலக்கூடத்தில் படுத்திருந்த, கால் விளங்காத முத்துப்பேச்சி அதன்பின் அவரை விடவில்லை. சுத்தியோடு வருவதைக் கண்டாலே, "வைத்தியரே, சொவருக்குச் சளி எப்படியிருக்கு? கசாயம் குடுத்தீரா?" என்பாள். கூடமே சிரிக்கும். அவரும் சிரித்துவைப்பார்.

இந்த ஐப்பசியிலும் மேலக்கூடத்துச் சுவர் மந்தமானது. அம்மை விசாரித்தபோது, மழைக்கு எப்போதும் இப்படித்தான் என்றார் பொன்னுரங்கம்.

ஒரு நாள் விடியற்காலையில் அந்தச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். முத்துப்பேச்சியால் முடியவில்லை.

பிழைத்தவர்களைக் கீழக்கூடத்தில் நெருக்கிப் படுக்கவைத்தார்கள். அவளை அடக்கம் செய்த மறுநாள், தூறலில் நனைந்தபடி பொன்னுரங்கம் அம்மையிடம் வந்து நின்றார்.

"அம்மா, ஈரத்தால வர்ற மந்தமும் விரிசலால வர்ற மந்தமும் கைக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எப்படிப் பிரிச்சு அறியறது?"

"போன வாரம் மூணு நாள் வெயில் அடிச்சுதே. தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"திரும்பிச்சா ஓசை?"

அவர் மேலக்கூடத்து இடிபாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல. மூணாம் நாளும் தொப்புன்னுதான் இருந்தது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

பொன்னுரங்கம் தலை குனிந்தார். அந்த மூன்றாம் நாள் மத்தியானம் சுத்தியை இறக்கிவிட்டுச் சொல்லத்தான் வாயெடுத்தார். படுக்கையிலிருந்து முத்துப்பேச்சி, "என்ன வைத்தியரே, சளி முத்திருச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாளைக்கும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் மழை தொடங்கிவிட்டது. அதன்பின் எது ஈரம், எது விரிசல் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மை எழுந்து மரச்சுத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இருவரும் கீழக்கூடத்துச் சுவரோரம் போனார்கள்.

அவர் தட்டினார். தொப்.

"என்ன?"

"ஈரமாத்தான் இருக்கும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். உள்ளங்கையை மறுபடி சுவரில் வைத்து வெகுநேரம் நின்றார். "தெரியலம்மா. ஈரமா, விரிசலான்னு தெரியல."

"அதை உள்ளே போய்ச் சொல்லுங்க."

கல்மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார் பொன்னுரங்கம். சாரல் அதன் ஊடே ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மறுபடியும் அந்தக் குளிர்ல கிடப்பாங்க. ஒண்ணும் ஆகலைன்னா சிரிப்பாங்கம்மா."

"சிரிப்பாங்க," என்றார் அம்மை. "இந்தத் தடவை ஒரு சிரிப்பு குறையும்."