கண்ணை மூடினால் ஒரு கை

"சாமி, என் பெண்டாட்டி முகம் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கு."

ஆற்றங்கரை மடத்துச் சாமி மதியப் பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

மடத்துக்கு வருகிறவர்கள் கடவுளைக் காணோம் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பெண்டாட்டியைக் காணோம் என்று வந்தவர் குற்றாலிங்கம் ஒருவர்தான். சாமியைவிட வயதில் மூத்த சீடர். அவர் மனைவி உலகம்மாள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"போட்டோ இல்லியா?"

"இருக்கு. வெறப்பா நிக்கா. அது போட்டோக்காரன் சொல்லி வச்ச முகம் சாமி. அதுவும் கண்ண மூடினா போயிருது. வீட்டுல இருந்தாளே, அந்த முகம் வேணும்."

"அதுக்கு இம்புட்டுக் கலக்கமா?"

குற்றாலிங்கம் தலை குனிந்தார்.

"நேத்து வருஷத் திதி. 'வீட்டம்மாவ மனசுல நெனச்சுக்கிட்டு எள்ளும் தண்ணியும் விடுங்க'ன்னு ஐயர் சொன்னார். நெனச்சேன். வரல. யாருக்கு விடுதோம்னே தெரியாம விட்டேன்."

"ம்."

"மக பக்கத்துல நின்னா. 'அம்மா கண்ணுக்குள்ளயே நிக்காப்பா, ஒங்களுக்கும் அப்படித்தான?'ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். அழுதுக்கிட்டு நிக்க பிள்ளகிட்ட பொய் சொல்லிட்டேன் சாமி. நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு."

ஞாபகசக்திக்குக் குறைவில்லாத மனுஷர். அணைக்கட்டு ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மதகுக்குப் பக்கத்தில் எந்தப் படி இறங்குகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அத்தனை மதகுக்கும் அந்தத் தலைக்குள் இடம் இருந்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவளுக்குத்தான் இல்லை. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் மடத்துக்கு வந்திருந்தார்.

"ஒண்ணுமே தெரியலியா?"

"ஒரு கை தெரியுது. ரெண்டு வளையல். ஒரு கரண்டி. அதுக்கு மேல இருட்டு."

சாமி இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

"வீட்டுல சாப்பிட எப்படி உக்காருவீங்க?"

"சம்மணம் போட்டுத்தான்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சாமி ஓர் இலையை எடுத்து அவர் முன்னால் போட்டார். குற்றாலிங்கத்தின் முதுகு தானாக வளைந்தது. கழுத்து தானாகக் கவிழ்ந்தது.

"கண்ண மூடுங்க. இப்ப?"

"நல்லாத் தெரியுது சாமி! முழங்கை வரைக்கும் தெரியுது. எண்ண தெறிச்ச தழும்பு கூடத் தெரியுது."

"முகம்?"

"இல்ல."

"கண்ணத் தெறக்காம நிமிருங்க."

நிமிர்ந்தார்.

"கையும் போயிட்டுது சாமி."

சாமி இலையை எடுத்து அடுக்கின்மேல் வைத்தார்.

"மந்திரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. உக்காந்து செபிக்கேன்" என்றார் குற்றாலிங்கம்.

"உக்காந்தது போதும். நாளைக்குப் பந்தியில சாம்பார் நீங்க ஊத்துங்க."

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கரண்டி பிடித்துப் பழக்கமில்லாத கை அது. மந்திரம் கேட்டு வந்தவனுக்கு வாளியா என்று வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தார். ஆனாலும் மறுநாள் வந்துவிட்டார். மகளிடம் சொன்ன பொய் அவரை வீட்டில் இருக்க விடவில்லை.

மடத்தில் தரைப் பந்தி. குனிந்தால்தான் இலை எட்டும். முதல் வரிசை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. வேட்டி நுனியெல்லாம் சாம்பார்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பசிக்கு வந்தவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் சோற்றில் குழி பறித்துக் காட்டினார். ஊற்றினார். ஒருவர் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார். நிறுத்தினார். ஒருவர் இலை ஓரத்தை விரலால் தட்டினார்.

அந்தத் தட்டலைக் கேட்டதும் குற்றாலிங்கத்துக்கு உடம்பு கூசியது. அது அவருடைய தட்டல். இன்னும் கொஞ்சம் என்றால் ஒரு தட்டு, மோர் கொண்டா என்றால் ரெண்டு தட்டு. வீட்டில் அதற்கு வாயைத் திறக்கத் தேவைப்பட்டதில்லை.

ஊற்றினார். தட்டியவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மி" என்றார், இலையைப் பார்த்து.

குற்றாலிங்கம் அடுத்த இலைக்கு நகரவில்லை. வாளியும் கையுமாகக் குனிந்தபடியே நின்றார். அந்த ஆள் ஒரு தடவை தலையைத் தூக்குவார் என்று நின்றார். ஒன்றும் வேண்டாம், சும்மா ஒரு தடவை. அவர் அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

"ஐயா, இங்க சாம்பார் வரலியே" என்று வரிசையில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

குற்றாலிங்கத்துக்குக் காதில் விழவில்லை. அப்படியே குனிந்த வாக்கில் கண்ணை மூடிக்கொண்டார். அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது.

சாமி பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பு நோகிற மனுஷரை நிமிரச் சொல்லவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது சாமி."

"அவுக முகமா?"

குற்றாலிங்கம் கண்ணைத் திறக்கவில்லை.

"இல்ல சாமி. என் உச்சந்தலை."