யட்சன் பேசிய பதினாறு பக்கம்

"குருவே, என் யட்சன் ஊமையாப் போயிட்டான்!"

சொல்லிவிட்டு, புத்தகத் திருவிழாவில் குருவின் கடை வாசலில் நின்றபடியே செங்கமலம் அழுதுவிட்டாள்.

குரு நிமிர்ந்து பார்த்தாள்.

குரு என்றதும் தாடி, கமண்டலம் என்று தேடாதீர்கள். பெயர் ரோஷிணி, வயது முப்பத்திரண்டு. கைபேசியில் கட்டைவிரலாலேயே தட்டித் தட்டி இருபதுக்கு மேல் காதல் நாவல் எழுதித் தள்ளியவள். புதிதாக எழுத வருகிற பெண்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் நடத்துகிறாள், அவர்கள் புத்தகங்களை அச்சும் போடுகிறாள்.

சிஷ்யைக்கு ஐம்பத்தொன்று. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் நாலு வரி, ஐந்து வரி என்று எழுதி முதல் நாவலை முடித்தவள். ரோஷிணியை விளையாட்டாகத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. குருவுக்கோ சிஷ்யை அக்கா.

"உட்காருங்கக்கா. யாரு அவன் வாயை அடைச்சது?"

"பைண்டிங் பண்ணினவங்க."

செங்கமலம் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள்.

'உப்பளத்து யட்சன்' என்று தலைப்பு. உப்பு வாருகிற செண்பகம் என்ற பெண்ணை ஒரு யட்சன் காதலிக்கிறான். அவனுக்கு ஒரு சாபம். வருஷம் முழுக்க வாய் பேச முடியாது, ஒரே ஒரு ராத்திரிதான் பேசலாம். அந்த ராத்திரி எப்போது வரும், எப்போது வரும் என்று முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இழுத்திருந்தாள்.

நூற்று எழுபத்தாறாம் பக்கம் இப்படி முடிகிறது: 'நிலா மேலே வந்தது. யட்சன் வாயைத் திறந்தான்.'

அடுத்த பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'மூன்று கழுதைகளுக்கும் தண்ணீர் காட்டிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள்.'

ரோஷிணி பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். அந்த ஒரு ஃபாரத்தைச் சேர்க்காமலே தைத்து, ஒட்டி, அட்டை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு பிரதி இரண்டு பிரதி இல்லை. அச்சடித்த அத்தனையிலும் யட்சன் வாயைத் திறக்கிறான், கழுதைகள் தண்ணீர் குடிக்கின்றன.

ரோஷிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முழுக்க அடங்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன!"

"சாரிக்கா. என் மேலயும் தப்பு இருக்கு. வந்த கட்டைப் பிரிச்சுப் பார்க்காம அப்படியே அடுக்கிட்டேன். பிரஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு மாசத்துல புதுசா போட்டுத் தர்றேங்கறாரு. திருவிழா ஞாயித்துக்கிழமையோட முடியுது. ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்க போன் மேல போன். கழுதை மேடம்னு ஒருத்தி மெசேஜ் போடறா."

செங்கமலம் மூக்கைச் சிந்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"குருவே, நான் அந்தப் புத்தகத்தையே அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் எழுதினேன். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனா இருபத்தாறு வருஷத்துல, நீ எனக்கு இன்னதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது சொன்னா எப்படி இருக்கும்னு ஆசையா இருந்துச்சு. அதான் நானே எழுதிக்கிட்டேன். இப்ப அது மட்டும் இல்லை. மத்ததெல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்?"

ரோஷிணி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கக்கா. கேட்டு வர்றவங்களுக்குக் கொடுக்கலாம்."

செங்கமலம் அன்று மத்தியானமே ஒரு கட்டு எடுத்து வந்துவிட்டாள். பதினாறு பக்கத்தையும் தனித்தனியாக அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்து, முதல் பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும்" என்றாள் குரு.

"என்ன?"

"யட்சன் என்ன சொல்லியிருப்பான்னு அவங்களைக் கேளுங்க. பதில் சொன்னதுக்கு அப்புறம் கொடுங்க."

"எதுக்கு?"

குரு கைபேசியை எடுத்து அடுத்த அத்தியாயத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சிஷ்யைக்குக் கோபம்தான். ஆனாலும் செய்தாள்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவிக்காக வாங்கியதைத் தானே படித்துவிட்டதாகக் கூச்சத்தோடு சொன்னார்.

"யட்சன் என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கறீங்க, சார்?"

"முதல்ல மன்னிப்புக் கேட்டிருப்பான்மா. இத்தனை நாள் பேசாம இருந்ததுக்கு. கேட்கணுமில்லையா?"

அடுத்து இரண்டு கல்லூரிப் பெண்கள். கவிதையாகக் கொட்டியிருப்பான் என்றாள் ஒருத்தி. "போடி, பசி மயக்கத்துல இருக்கறவகிட்ட கவிதையா? சாப்பிட்டியான்னு கேட்டிருப்பான். அதான் லவ்வு" என்றாள் மற்றவள். கடை முன்னாலேயே சண்டை பிடித்து, சண்டையோடே நடந்து போனார்கள். பக்கங்களை வாங்கிக்கொள்ளவே மறந்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பையன். கல்யாணம் ஆகி ஆறு மாதம் என்றான். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான், மேடம். வாயைத் திறந்திருப்பான், வார்த்தை வந்திருக்காது. எனக்கு அப்படித்தான் ஆச்சு."

"வார்த்தை வரலைன்னா?"

"இவளே சரின்னுட்டா."

அவர்களும் பக்கங்களை வாங்கவில்லை. "இருக்கட்டும் மேடம், எங்களுக்கு இதுவே நல்லா இருக்கு" என்று போய்விட்டார்கள்.

இப்படியே இரண்டு நாள். கேட்கக் கேட்கச் செங்கமலத்தின் முகம் மாறியது. ஆளுக்கொரு யட்சன்! ஒருத்தருடையவன் சிரித்தான், ஒருத்தருடையவன் அழுதான், ஓர் அம்மாளுடையவன் சாபம் பொய், சும்மா நடித்தேன் என்று சொல்லிச் செருப்படி வாங்கினான். அவள் எழுதியது இவ்வளவு பேர் தலைக்குள் நடமாடுகிறதா என்று அவளுக்கே ஆச்சரியம். டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சில்லறை இருக்கா, சில்லறை இருக்கா என்று கேட்டே பாதி ஆயுள் போனவள். ஜனங்கள் நின்று நிதானமாக அவளிடம் பேசியது இதுதான் முதல் தடவை. சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குருவிடம் ஓடினாள்.

"குருவே, புரிஞ்சு போச்சு!"

ரோஷிணி டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். முகத்தைவிடப் பெரிய அப்பளம்.

"என்னக்கா புரிஞ்சுது?"

"அந்தப் பதினாறு பக்கம் வேண்டவே வேண்டாம். அது இல்லாததாலதான் புத்தகமே நல்லா இருக்கு. நான் எழுதினதை நீக்கினாத்தான் அவங்களுக்கு இடம் கிடைக்குது. இதைத்தானே சொல்ல வந்தீங்க?"

"அப்பளம் சாப்பிடறீங்களா?"

"பிரஸ்ஸுக்குக்கூடப் போன் பண்ணிட்டேன். அடுத்த பதிப்புலயும் அந்த ஃபாரத்தைச் சேர்க்காதீங்கன்னு சொல்லிட்டேன். அந்த மனுஷன் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாரு. நினைக்கட்டும்!"

மீதி இருந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்துக்கொண்டு நேரே பஜ்ஜிக் கடைக்குப் போனாள். எண்ணெய் ஒற்றக் காகிதம் வேண்டும் என்று கடைக்காரர் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தாள். ஞானம் வந்தவள் நடை அது.

ரோஷிணி எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பளத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

கடைகளில் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். வேர்த்து விறுவிறுத்திருந்தாள். தோளில் பெரிய கட்டைப்பை. மூச்சு வாங்கிக்கொண்டு கடைப் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"யட்சன் புத்தகம் எழுதினவங்க இங்கதானே?"

"நான்தாம்மா."

"விட்டுப்போன பக்கம் இங்க கொடுக்கறாங்கன்னு லைப்ரரிக்காரர் சொன்னாரு. அவர்கிட்ட வாடகைக்கு எடுத்துத்தான் படிச்சேன். பழனியிலேருந்து வர்றேன். பஸ் வழியில நின்னு போச்சு. கடையைச் சாத்திடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

செங்கமலம் புன்னகை செய்தாள். குருவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, குருவைப் போலவே நிதானமாகக் கேட்டாள்.

"யட்சன் என்ன சொல்லியிருப்பான்? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"சும்மா யோசிச்சுப் பாருங்கம்மா. உங்க மனசுல என்ன தோணுதோ, அதுதான் அந்தப் பக்கம்."

அந்தப் பெண் கட்டைப்பையைக் கீழே வைத்தாள். நிஜமாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் சிறுத்துப் போய், பரீட்சையில் பெயிலான பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரலைங்க."

"பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்..."

"வராதுங்க. வீட்லயே நாலு நாளா யோசிச்சுப் பார்த்துட்டேன். அவன் வாயைத் திறக்கறான், அதுக்கு மேல ஒண்ணுமே தெரியலை. ஒரு ஆம்பளை பக்கத்துல உட்கார்ந்து, திட்டாம, வேலை சொல்லாம பேசினா என்னத்தைப் பேசுவான்? நான் கேட்டிருந்தாத்தானே எனக்கு வரும்? அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க இவ்வளவு தூரம் வந்தேன். நீங்க எழுதியிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியுமில்ல?"

செங்கமலம் ஜெராக்ஸ் கட்டு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பஜ்ஜிக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் கடாயைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யட்சன் பேசியதெல்லாம் மிளகாய் பஜ்ஜியோடு ஊருக்குள் போய்விட்டிருந்தது. குப்பைக் கூடையில் கையை விட்டாள். எண்ணெயில் ஊறிய ஒரு தாள் வந்தது. அதில் 'மன்னிக்கவும்' என்பது மட்டும்தான் படிக்க முடிந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"குருவே, தப்புப் பண்ணிட்டேன். இங்க ஒரு பிரதிகூட இல்லை. கையெழுத்துப் பிரதி வீட்டுல இருக்கு. நான் என்ன செய்ய?"

ரோஷிணி எழுந்தாள். கடையில் மீதமிருந்த ஒரே நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டாள். ஒரு புத்தகக் கட்டைத் தூசி தட்டி, எதிரே செங்கமலத்துக்கு இடம் பண்ணினாள். பிறகு போய்க் கடை வாசலை அடைத்தாற்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டாள்.

செங்கமலம் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் யாரோ எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. எத்தனை வண்டிகளுக்கு நடுவே அடித்து அடித்து எழுதியது!

"செண்பகம்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"செண்பகம், எனக்கு இருப்பது ஒரே ஒரு ராத்திரி. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உப்பு அரித்து உன் காலில் புண் வந்ததும் எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் நீ வேலைக்குப் போனதும் தெரியும். கூடையை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாயே, அப்போதெல்லாம் காற்றை உன் பக்கம் திருப்பிவிட்டது நான்தான். நீ அண்ணாந்து பார்த்து, அப்பாடா என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அடுத்த நாள் வரை காத்திருப்பேன். உனக்கு யாருமில்லை என்று நீ நினைத்த நாளெல்லாம் நான் இருந்தேன். நீ செய்த வேலையை எல்லாம் ஒருத்தன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், செண்பகம்."

அதற்கு மேல் செங்கமலத்தால் முடியவில்லை. கண்ணைத் திறந்தாள்.

அந்தப் பெண் அழவில்லை. கட்டைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, செங்கமலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"போனாப் போகுது. அந்தக் காத்தைத் திருப்பிவிட்டானே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."