துவைக்காத கம்பளி

மார்கழி பத்தொன்பதாம் நாள், விடிந்து மூன்று நாழிகை. இருநூற்றுப் பதினொரு கம்பளிகள். எரிக்கச் சொன்னவர் பெயர் எயினன். கணவாய்க் கோட்டையின் தளவாய்.

அந்தக் காலத்தில் ஆடுகள் பேசின. மற்ற விலங்குகளுக்கும் பேச்சு இருந்தது என்றாலும், ஆடுகள் அளவுக்கு வாயடித்தவை எதுவும் இல்லை. கோட்டைக்குள், மைதானத்தை ஒட்டிய கல் பட்டியில் இருநூற்றுப் பதினொரு செம்மறிகள் இருந்தன. தளவாயையும் சேர்த்துக் கோட்டையில் இருந்த ஆட்களும் அத்தனை பேர்தான். ஒரு ஆட்டின் மயிரை மூன்று ஆண்டு கத்தரித்துச் சேர்த்தால் ஒரு கம்பளி நெய்யலாம். அதனால் ஆளுக்கு ஒரு ஆடு என்று ஒதுக்கியிருந்தார்கள். கத்தரிக்கும்போது ஆடுகள் ஓயாமல் பேசும். "காதுகிட்டப் பாத்து வெட்டு" என்று ஒன்று சொல்லும். "போன தடவை வந்தவன் கை இதைவிட நல்ல கை" என்று இன்னொன்று சொல்லும்.

கம்பளி மீது வீரர்களுக்கு அன்று தனிப் பிரியம் எதுவும் இல்லை. வேல், கேடயம், தோல் பை, கம்பளி. எல்லாம் கொடுக்கப்பட்ட சாமான்கள். கம்பளியில் விறகு கட்டுவார்கள். வாளைத் துடைப்பார்கள். மழையில் கழுதை முதுகில் போடுவார்கள். குளிர் வந்தால் உதறிப் போர்த்திக்கொள்வார்கள்.

சாத்தன் என்ற வீரனின் கம்பளிக்கு மயிர் கொடுத்தது மோழை. கொம்பில்லாத கறுப்புப் பெட்டை ஆடு. பதினெட்டாம் நாள் காலையில் அவன் பட்டிக்குத் தழை கொண்டுபோனபோது மோழை கேட்டது:

"ராத்திரி ஏழு தடவை புரண்டே. தூக்கம் வரலையா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? அது கிடக்கட்டும். நேத்து என்னைக் கழுதை மேல போட்டியா? இடது விலாவில ஏதோ குத்திக்கிட்டே இருக்கு."

பக்கத்தில் நின்ற இடும்பன் சிரித்தான். கோட்டையில் கேலிக்குப் பேர்போனவன் அவன். "சாத்தா, உன் ஆடு பொண்டாட்டி மாதிரி கணக்குக் கேக்குதுடா."

சாத்தனும் சிரித்தான். அன்று மாலை கம்பளியை விரித்தபோது இடது ஓரத்தில் ஒரு கருவேல முள் ஏறியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுப் படுத்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கத்தரித்த பிறகும் மயிர் ஆட்டுடையதாகவே இருந்தது என்பதுதான் விஷயம். கம்பளியில் படுவது ஆட்டின் உடம்பிலும் பட்டது. ஆடுகள் இதை ஒருபோதும் விளக்கிச் சொல்லவில்லை. போர்த்திக்கொள்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவை நினைத்திருந்தன.

தளவாய் எயினன் கொடியவர் அல்ல. இருபதாம் நாள் அரசர் கோட்டையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்திருந்தது. தலைநகரிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த சிவப்புப் போர்வைகளும் வந்திருந்தன. பழைய கம்பளிகளில் பேன் இருந்தது, நாற்றம் இருந்தது, ஒட்டு இருந்தது. "அவனவன் கம்பளியை அவனவன் நாலாக மடித்து மைதானத்தில் அடுக்க வேண்டும். விடிந்ததும் கொளுத்திவிடலாம்" என்றார். பத்தொன்பதாம் நாள் விடியும் முன்பே, முன்மாதிரியாகத் தன் கம்பளியை முதலில் கொண்டுபோய் விறகின் மேல் வைத்தவரும் அவர்தான். பட்டி வாசலில் அவருடைய கிழட்டுக் கடா எங்கே போகிறாய் என்று கேட்டபோது, தளவாய் பதில் சொல்லாமல் நடந்தார்.

சாத்தனால் அப்படி நடக்க முடியவில்லை. மோழை பட்டிச் சுவரின் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றது.

"மடிச்சு எடுத்துக்கிட்டு எங்கே போறே?"

மூன்று ஆண்டு மயிர் கொடுத்த ஆட்டிடம், உன்னுடையது இனி வேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"துவைக்கப் போறேன்."

"இந்தக் குளிர்லயா?"

"அரசர் வர்றாரு."

"சரிதான். வெந்நீர்ல போட்டுடாதே. சுருங்கிடும்."

பின்னால் வந்த இடும்பனுக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. தன் ஆட்டிடம் அதையே சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்தவன் அவனைப் பார்த்துச் சொன்னான். வரிசை முழுதும் அதையே சொல்லிக்கொண்டு போயிற்று. கிழட்டுக் கடா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எயினனும் துவைக்கத்தான் போனான்போல" என்றது. ஆடுகள் நம்பின. சில ஆடுகள் சந்தோஷப்பட்டன என்றும் சொல்கிறார்கள்.

அடுக்கி முடித்ததும் வீரர்கள் வரிசையில் நின்றார்கள். "அசையாதே" என்று உத்தரவு வந்தது. விறகில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள்.

முதலில் கேட்டது கிழட்டுக் கடாவின் குரல்.

"எயினா! சுடுதுடா! எயினா, இது தண்ணி இல்லைடா!"

தளவாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் கோட்டையில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. எல்லோரும் பட்டியைப் பார்த்தார்கள். அங்கே நெருப்பே இல்லை. கடாவின் முதுகிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அடுத்த குரல். அதற்கு அடுத்தது. ஒவ்வொரு ஆடும் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியது. வேறு யாரையும் கூப்பிடவில்லை, தன் கம்பளியைப் போர்த்தியவனை மட்டும். ஆனால் வரிசை அசையவில்லை. அசையாதே என்ற உத்தரவு நின்றுகொண்டிருந்தது. அதை நீக்க வேண்டிய தளவாய் வாயைத் திறந்தபடி நின்றார். இருநூற்றுப் பத்துப் பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடும்பனின் ஆடு அவன் பெயரை நான்கு முறை சொன்னது. ஐந்தாம் முறை சொல்லவில்லை.

மோழை கத்தவில்லை. சுவரின் மேல் தலையை வைத்துக்கொண்டு, சற்று முன் கேட்ட அதே குரலில் கேட்டது:

"சாத்தா, வெந்நீர்ல போட்டுட்டியா?"

சாத்தன் வேலைத் தரையில் எறிந்தான். அந்தக் கோட்டையில் உத்தரவை மீறி வரிசையை உடைத்த முதல் ஆள் அவன். ஓடிப்போய் நெருப்புக்குள் இரண்டு கைகளையும் விட்டு, நடு அடுக்கைப் பிடித்து இழுத்தான். அடுக்கு சரிந்தது. கம்பளிகள் தரையில் உருண்டன. அதன் பிறகுதான் மற்றவர்களின் கால்கள் நகர்ந்தன. வெறுங்கையால் இழுத்தார்கள், மண்ணை அள்ளிப் போட்டார்கள், மேலே படுத்துப் புரண்டு அணைத்தார்கள்.

நூற்று நாற்பத்தெட்டுக் கம்பளிகள் வெளியே வந்தன. அறுபத்து மூன்று வரவில்லை. பட்டியில் அறுபத்து மூன்று ஆடுகள் கிடந்தன.

சாத்தன் கம்பளியோடு பட்டிக்குப் போனான். கம்பளியின் இடது ஓரம் ஒரு முழத்துக்குக் கருகியிருந்தது. மோழையின் இடது விலாவில் மயிர் இல்லை, தோல் வெந்திருந்தது.

"துவைக்கலை, மோழை. பொய் சொன்னேன்."

மோழை அவனைப் பார்த்தது.

"தெரியாம செஞ்சுட்டேன். திட்டு. ஏதாவது சொல்லு."

பார்த்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மற்ற ஆட்கள் மற்ற ஆடுகளிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு ஆடுகளில் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பொழுது சாயும்போது இன்னும் மயிர் கத்தரிக்காத ஒரு குட்டி மட்டும் தாயைத் தேடி 'மே' என்றது. அதில் சொல் எதுவும் இல்லை.

மறுநாள் அரசர் வந்தார். சிவப்புப் போர்வைகள் மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தன. வீரர்கள் கருகிய கம்பளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கம்பளி இல்லாத அறுபத்து மூன்று பேர் வெறும் தோளோடு நின்றார்கள். தளவாயும் இடும்பனும் அவர்களில் இருந்தார்கள். இது என்ன கோலம் என்று அரசர் கேட்டார். தளவாய் பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இடும்பன் அதன் பிறகு கேலி பேசியதாகத் தகவல் இல்லை.

தை மாதம் கத்தரிக்கப் போனவர்கள் மெல்லிய குரலில் பேசிப் பார்த்தார்கள். காதுப் பக்கம் கத்தரி பட்டு ரத்தம் வந்தபோதும் ஆடுகள் வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான் செம்மறி ஆடு, கத்தரி படும்போது சத்தமில்லாமல் கிடக்கிறது. படைவீரன் தன் கம்பளியை வெயிலில் போட்டு உதறுவானே தவிர, துவைக்கத் தரமாட்டான். அதுவும் அன்று முதல்தான். நாறினாலும் கிழிந்தாலும் புதியது வந்து இறங்கினாலும் பழையதைக் கையைவிட்டு விடமாட்டான். முள் ஒட்டியிருந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பான். காரணம் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, பங்குனி மூன்றாம் நாள், சாத்தன் படையிலிருந்து விலகினான். வேல், கேடயம், தோல் பை மூன்றையும் திருப்பிக் கொடுத்தான். கம்பளியைக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.