குளத்துக்கு ஒரு அதிகாரி

மருதங்காட்டுக் குளத்தில் அந்த வருஷம் பங்குனியிலேயே சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. வெயில் வருஷத்துக்கு வருஷம் முந்திக்கொண்டு வந்தது. காட்டில் மரமும் குறைந்துகொண்டே போனது. எருமை, பன்றி, குரங்கு எல்லாம் கூடிப் பேசின.

"யாராவது ஏதாவது செய்யணும்," என்றது கிழட்டு எருமை.

"ஆமா, யாராவது செஞ்சாகணும்," என்றது பன்றி.

நீர்நாய் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததும் அதையே குளத்து அதிகாரியாக்கிவிட்டன. உட்கார உயரமாய் ஒரு பாறை கொடுத்தன. கழுத்தில் தாமரைக் கொடியைச் சுற்றின. அதிகாரி தவளை தின்னக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டன. பிறகு நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

எருமைகள் எப்போதும் போலக் கரையை மிதித்துக்கொண்டு ஏறின. பன்றிகள் கரையில் கோரைக்கிழங்கு தோண்டின. குரங்குகள் கன்று மரங்களைக்கூட மொட்டையடித்தன. நீர்நாய் பாறை மேல் நின்று தினமும் கத்தியது. "தண்ணி குறையுது! தண்ணி குறையுது!"

"பாவம், நல்லா உழைக்குது," என்று எல்லாம் மெச்சிக்கொண்டன.

ஒரு நாள் ஒரு தவளை வந்தது. பாறைக்குத் தள்ளியே நின்றது.

"அதிகாரி ஐயா, என் பிள்ளைங்க இன்னும் வாலோட நீந்துதுங்க. கால் முளைக்கிறதுக்குள்ள தண்ணி வத்திட்டா அம்புட்டும் செத்துப்போயிடும்."

"கிட்ட வந்து பேசு தாயி."

"இங்கேயே நல்லாத்தான் கேக்குது."

நீர்நாய்க்குச் சிரிப்பு வந்தது. "நானும் தினமும் கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"கத்துறதுக்கு நாங்க இருக்கோமே ஐயா. மழைக்காலம் பூரா அதானே எங்க பொழப்பு? நீங்க இறங்கிப் போய்ப் பாருங்க."

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. கொடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியது. அன்று முழுக்க எருமைகளோடு சேற்றில் கிடந்தது. அப்போதுதான் பார்த்தது. எருமைகள் ஏறி ஏறிக் கரை ஓரிடத்தில் வெடித்திருந்தது. தண்ணீர் அந்த வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எருமைகளோ அதைத் தாண்டிப் போய், ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்தன. மரத்தில் பாதிப் பட்டை இல்லை.

"மாமா, முதுகை இந்த வெடிப்புல தேய்ச்சா ஆகாதா?"

"குளம் பாக்குறது உன் வேலை மாப்ளே. என் வேலை அரிப்பைத் தீக்கிறது."

"அரிப்புதான் தீரணும்னா எங்க தேய்ச்சா என்ன?"

எருமை யோசித்தது. எருமை யோசித்தால் நேரமாகும். நீர்நாய் காத்திருந்தது.

"ஆமா, எங்க தேய்ச்சா என்ன?" என்று எருமை வெடிப்பில் போய் முதுகைத் தேய்த்தது. ஒட்டியிருந்த சேறு வெடிப்பை அப்பிக்கொண்டது. கூட்டமும் பின்னாலேயே வந்து தேய்த்தது. கசிவு நின்றது.

அடுத்து நீர்நாய் பன்றிகளிடம் போனது.

"தோண்டாதேன்னு சொல்ல வந்தியா? தோண்டலேன்னா நான் பன்றியே இல்லை," என்று முறைத்தது பன்றி.

"தோண்டு தம்பி. வாய்க்கால்ல தோண்டு. மழைத்தண்ணி குளத்துக்கு வர்ற வழி மண்மூடிக் கெடக்கு. உள்ளே கிழங்கு கொழுத்துக் கெடக்கு."

பன்றி ஒரு வாய் தின்று பார்த்தது. அதற்கப்புறம் அதன் தலையை வெளியே பார்க்க முடியவில்லை.

குரங்குகள்தான் இழுத்தடித்தன.

"நாங்க மரத்துல இருக்கிற ஆளுங்க. குளத்துக்கும் எங்களுக்கும் என்ன?"

"தண்ணி எங்கே குடிக்கிறீங்க?"

குரங்குகள் கிளையிலிருந்து குனிந்து குளத்தைப் பார்த்தன.

"கன்று மரத்தை விட்டுட்டுப் பெரிய மரத்துல தின்னுங்க. ஒடிக்கிற தழையைத் தண்ணி மேல போடுங்க. தவளைக் குஞ்சுகளுக்கு நிழலாகும்."

"எது கன்று, எது பெரிசுன்னு நாங்கதான் சொல்லுவோம்."

"சொல்லுங்க. உங்களைவிட மரம் தெரிஞ்சவங்க யாரு?"

அவ்வளவுதான், குரங்குகள் குளிர்ந்துபோயின.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. பெரிய மழையில்லை. ஆனால் விழுந்த தண்ணீர் வாய்க்கால் வழியே வந்தது, வந்தது கரைக்குள்ளேயே நின்றது. சில நாளில் தழை நிழலுக்குள்ளிருந்து பொடிப்பொடியாய்த் தவளைகள் நாலு காலால் தத்திக் கரையேறின. சேற்றில் கிடந்த எருமைகள், மிதித்துவிடுவோமோ என்று, அன்று பொழுதெல்லாம் அசையாமல் படுத்துக்கொண்டன.

எல்லோருக்கும் வரும் கேட்டை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கினால் அது தீராது. அவரவர் தம் அன்றாட வேலையைச் செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டால்தான் தீரும்.